ஒரு பெட்டி பென்சில்: பதினோரு மாதம் எழுதிப் பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நாலு நட்சத்திரம். பாதியில் எழுந்து போகிறவர்கள் இதை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம்: நீங்கள் மலையில் இருக்கிறீர்கள், கையால் எழுதுகிறவர், இப்போதைக்குக் காசு ஓட்டமும் இல்லை என்றால், பேனாவைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு ஒரு பெட்டி பென்சில் வாங்கிப் பாருங்கள். பெட்டியில் பத்து இருக்கும், கூடவே ஒரு ரப்பரும் ஒரு ஷார்ப்னரும் சும்மா தருவார்கள், நான் வாங்கியபோது அறுபது ரூபாயைத் தாண்டவில்லை.

பென்சிலுக்கெல்லாம் ஒரு விமர்சனமா என்பீர்கள். மிக்ஸிக்கும் இயர்போனுக்கும் ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், பென்சிலுக்கு ஒருத்தர் எழுதி நான் பார்த்ததில்லை. அதை அதிகம் பயன்படுத்துகிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விமர்சனம் எழுத நேரமில்லை போலிருக்கிறது. நான் வாங்கியதும் குன்னூர் மார்க்கெட்டில் பிள்ளைகளுக்கு நோட்டும் லேபிளும் விற்கிற ஒரு சின்னக் கடையில்தான். கண்ணாடி போட்ட பெண்கள் எல்லாரும் அந்தக் கடை பாய்க்கு டீச்சர். பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டே, "எத்தனாங் கிளாஸ் படிக்கிறாங்க டீச்சர்?" என்றார். எனக்குத்தான் பாய் என்றேன். ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, "அப்ப நல்லா கறுப்பா எழுதறதா எடுத்துக்கோங்க, கண்ணு நோவாது" என்று அந்தப் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்தார். அந்த வார்த்தைக்காகக் கடைக்குத் தனியாக ஐந்து நட்சத்திரம்.

சரி, ஏன் பென்சிலுக்கு வந்தேன் என்று சொல்ல வேண்டும். போன ஆடியில் அம்மா விழுந்தாள். எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து முப்பத்தெட்டு படி இறங்க வேண்டும், பாசி பிடித்த படி, கையில் அரிசிப் பை. தொடை எலும்பு. கோவையில் ஆபரேஷன், பத்தொன்பது நாள் வார்டு. அதே வாரத்தில் என் லேப்டாப்பும் திரை கறுத்துப் படுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே அதையும் தூக்கிக்கொண்டு போய் ஒரு கடையில் காட்டினேன். போர்டில் ஈரம் இறங்கிப் பச்சை பூத்திருக்கிறது, மாற்றினால் பதினாலாயிரம் என்றார்கள். எனக்கு வர வேண்டிய பணம் இருந்தது, சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு மூன்று புத்தகம் மெய்ப்புப் பார்த்த கூலி, இருபத்திரண்டாயிரம். அது இன்றுவரை வரவில்லை. "அடுத்த வாரம்" என்கிற சொல்லை அவர்கள் சொல்கிற அழகே தனி. நான் எழுதிக்கொண்டிருந்த நாவல் ஒன்பதாவது அத்தியாயத்தில் நின்றிருந்தது, அதுவும் நல்ல இடத்தில் நிற்கவில்லை, ஒருத்தி கதவைத் திறக்கப் போகிறாள், கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்று எனக்கே தெரியாது.

வார்டில் ராத்திரி அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பேன். தூக்கம் வராது. மல்லாந்து படுத்து நோட்டை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன், நாலாவது வரியில் பால்பாயிண்ட் நின்றுவிட்டது. அதன் மை குண்டு முனையை நோக்கிக் கீழே இறங்க வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் எங்கே இறங்கும். உதறினேன், நெஞ்சில் ஒரு கோடு விழுந்ததுதான் மிச்சம். மேலே இருந்து அம்மா, "என்ன புள்ள தட்டிக்கிட்டே கெடக்க, பையில பென்சில் இருக்கு பாரு" என்றாள்.

அவளுடைய வெற்றிலைப் பை. சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டுப் பென்சில், கத்தியால் சீவி நீளமாக முனை எடுத்தது. அம்மா முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். நிறுக்கிற இடத்தில் கணக்கு எழுதுகிறவர் எவ்வளவு போட்டார் என்பதை அவள் ஒருநாளும் முழுசாக நம்பியதில்லை. தன் கிலோவைத் தானே நாள் காலண்டர் கிழித்த தாளின் பின்பக்கம் குறித்து வைப்பாள். அதற்குத்தான் இந்தப் பென்சில். பேனா ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டேன். "பேனான்னா மழையில ஓடிப் போயிரும். இதுதான் நிக்கும்." இந்தப் பொருளைப் பற்றி நான் எழுதப் போகிற முழு விமர்சனமும் அந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நான் எழுதுவது அப்சராவில் அடர்கறுப்பாக எழுதுகிற வகை, அது தீர்ந்தால் சிவப்பும் கறுப்புமாகப் பட்டை போட்ட நடராஜ் 621. இரண்டும் ஒரே கம்பெனிதான், 1958-இல் தொடங்கிய இந்துஸ்தான் பென்சில்ஸ். உள்ளே இருப்பதை லெட், ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் ஈயம் துளியும் கிடையாது. கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் குழைத்துக் குச்சியாக்கிச் சூளையில் சுட்டது. களிமண் கூடினால் கெட்டி, அது எச், குறைந்தால் கறுப்பு, அது பி, நடுவில் எச்பி. இந்தக் குழைக்கிற வித்தை வந்ததே ஒரு பஞ்சத்தில்தான். இங்கிலாந்தில் கம்பர்லாந்துப் பக்கம் சுத்தமான கிராஃபைட் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரான்ஸ் அவர்களோடு சண்டையில் இருந்ததால் அங்கே சரக்கு போகவில்லை. கிடைத்த மட்டமான தூளோடு மண்ணைச் சேர்த்துச் சுட்டுப் பார்த்தார் நிக்கோலா ஜாக் கோன்தே என்கிறவர், 1795-இல். இன்றைக்கும் உலகத்துப் பிள்ளைகள் எழுதுவது அந்த முறையில் செய்ததில்தான். மரம் காஷ்மீரத்துப் பாப்ளர். புல்வாமா மாவட்டத்தில் உக்கூ என்று ஓர் ஊர், அங்கே பலகையைச் சின்னச் சின்னப் பட்டைகளாக அறுத்துப் பென்சில் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். சீவும்போது வருகிற லேசான மரவாசனைக்கு நான் தனியாக ஒரு நட்சத்திரம் கொடுப்பேன், ஆனால் அது வாங்கும் ஆளைப் பொறுத்தது, அம்மாவுக்கு அது அடுப்புப் பற்றவைக்கிற சுருள்தான். சீவல் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிறாள்.

இனி மலைக்கு வருவோம். கீழ்நாட்டில் இருந்துகொண்டு, "நல்ல இங்க் பேனாவில் எழுதிப் பாருங்கள், எழுத்து தானாக வரும்" என்று அறிவுரை சொல்கிறவர்கள் ஒருமுறை மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் இங்கே வர வேண்டும், சட்டைப் பையில் பாதி மை நிரப்பின பேனாவோடு. பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏறிக் குன்னூர் வந்து சேர்ந்தால் சுமார் 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கீழே இருந்ததில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். பேனாவின் பாதி வயிற்றில் மை, மீதிப் பாதியில் கீழ்நாட்டுக் காற்று. மேலே வர வர அந்தக் காற்று விரியும், மையை நிப்பு வழியாக வெளியே தள்ளும். சட்டை நீலம். முழுக்க நிரப்பி வாருங்கள், இல்லையென்றால் காலியாக வாருங்கள், நிப்பை மேல்நோக்கிக் குத்திவையுங்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு சட்டையும் ஒரு கல்யாணப் புடவையும் செலவாயின. பென்சிலுக்கு உயரமும் ஒன்றுதான் பள்ளமும் ஒன்றுதான்.

அப்புறம் ஈரம். காகிதம் ஒரு குடிகாரன், காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். மஞ்சு இறங்குகிற மாதங்களில் நோட்டின் ஓரம் அலையலையாக நெளிந்து, பக்கத்தைத் திருப்பினால் சரசர சத்தமே வராது, துணி மாதிரி மடங்கும். மை பரவாமல் இருக்கக் காகிதத்தில் ஒரு பசை ஏற்றுவார்கள், விலை குறைந்த நோட்டில் அது குறைச்சல். ஈரமும் சேர்ந்தால் இங்க் பேனா எழுத்து மீசை முளைத்து நிற்கும். பால்பாயிண்டின் மை எண்ணெய்ப் பசை, மார்கழிக் காலையில் அது இறுகிக்கொள்ளும், அக்குளில் பத்து நிமிஷம் வைத்திருந்துதான் எழுத வேண்டும், நான் வைத்திருந்து எழுதியிருக்கிறேன். நோட்டு என் கணக்கில் சுலபமான விஷயம். கரும்புச் சக்கையிலிருந்து கரூர்க் காகிதபுரத்தில் செய்கிற டிஎன்பிஎல் காகிதத்தில் போட்ட நீள நோட்டு, கோடு போட்டது. அதற்கு மேல் தேட வேண்டாம்.

ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஆடி மழை என்றால் எங்கள் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகைதான் கனம். போன ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. கரண்ட் இல்லை. அம்மாவைப் பிடித்து வாக்கரில் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய் வருவதும் ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் மாற்றுவதுமாக இருந்ததில் அலமாரி இருக்கிற மூலையை நான் பார்க்கவே இல்லை. தகரத்தில் ஓர் ஆணி ஓட்டை, நேராக அதன் மேல். மூன்றாம் நாள் திறந்தேன். மேலே இருந்தது பழைய குறிப்பு நோட்டுகள், நாலு வருஷம் ஜெல் பேனாவிலும் இங்க் பேனாவிலும் எழுதினவை, பாட்டியிடம் கேட்டு எழுதின கதைகள், ஆள்களின் பேச்சு, பெயர்கள். நீல நிறத்தில் ஒரு வானம் மாதிரி இருந்தது. சில இடத்தில் "என்றாள்" என்பது மட்டும் மிஞ்சியிருந்தது, யார் என்றாள், என்ன என்றாள், போச்சு. அதற்கு அடியில் ஆவணியிலிருந்து பென்சிலில் எழுதின இரண்டு நோட்டு, அவையும் சொட்டச் சொட்ட நனைந்துதான் இருந்தன. தாள் தாளாகப் பிரித்து அடுப்புக்கு மேலே கொடி கட்டித் துணி கிளிப் போட்டுக் காயவைத்தேன். காய்ந்தது. ஓர் எழுத்து போகவில்லை. தாள் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது, ஓரத்தில் புகைக்கறை, ஒரு பக்கத்தில் ரசம் தெறித்த கறைகூட இருக்கிறது. ஆனால் "கதவைத் திறந்தாள்" என்று தொடங்குகிற வரி அப்படியே இருக்கிறது. கிராஃபைட் கரி, தண்ணீரில் கரையாது, வெயிலில் வெளுக்காது. இது பாடப் புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் அடுப்பங்கரைக் கொடியில் தொங்கிப் பார்க்கும்போது வேறு மாதிரி புரிகிறது.

அன்றைக்கு நான் அழுதேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். பாட்டி கதைகள் போனதற்கு. பாட்டியும் இல்லை, மறுபடி கேட்க முடியாது. அடுத்த எட்டு நாள் ஒரு வரி எழுதவில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஊக்கம் தருகிற வாசகங்களை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்புகிற நண்பர்கள் உண்டு, சூரிய உதயப் படத்தோடு. அவர்கள் நல்லவர்கள். எங்கள் வீட்டிலிருந்து அந்த மாதத்தில் சூரியனே தெரியாது.

என்னை மறுபடி உட்காரவைத்தது அம்மாவின் கணக்குதான். அதை விளக்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அம்மா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அங்கே குடியுரிமை இல்லாமல் இருந்த தோட்டத் தமிழர்களை இரண்டு நாடும் பிரித்துக்கொள்ள 1964-இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் அவள் குடும்பமும் உண்டு. பன்னிரண்டு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை. அங்கிருந்து கொண்டுவந்த பேச்சில் ஒன்று "பேர்". ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டில், உங்கள் பெயர் விழுந்தால் ஒரு பேர், அன்றைய சம்பளம் முழுசாக உண்டு. சொன்ன கிலோ பறிக்கவில்லை என்றால் அரைப்பேர். நாள் என்றே சொல்ல மாட்டாள், "இந்த மாசம் எத்தன பேரு" என்பாள்.

படுக்கையில் கிடந்தவளுக்குப் பொழுது போக வேண்டும். ஒரு நாள் காலையில் சாயத்தண்ணி (பால் விடாத டீ) கொண்டுபோய்க் கொடுத்தபோது, "இன்னைக்குப் பேரா, அரைப்பேரா?" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. நோட்டைக் காட்டினாள். நான் ஒன்றுமே இல்லை என்றேன். "அப்ப வேலைக்கு வரல" என்று மளிகைக் கடை கொடுத்த மாதக் காலண்டரில், அவளுடைய அந்தத் துண்டுப் பென்சிலால், அன்றைய தேதியில் ஒரு கோடு கிழித்தாள். கோபமெல்லாம் இல்லை, சும்மா கணக்கு. எனக்கு எரிச்சலாக இருந்தது. மறுநாள் ஒரு பக்கம் எழுதினேன், அரைப்பேர். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம், இரண்டு பக்கம் எழுதினால் முழுப்பேர். அவள் மூன்று பக்கம் கேட்டாள். பேரம் பேசித்தான் இரண்டுக்கு வந்தது.

நவம்பரில் பதினொரு பேர், ஆறு அரைப்பேர். அதன்பின் மாதத்துக்குப் பதினெட்டு, இருபது என்று போகிறது. எழுதுகிற நேரம் காலை ஐந்திலிருந்து ஆறரை, தண்ணீர் வருகிற நாளில் அதுவும் கிடையாது, குடத்தோடு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் லைட் போட்டால் அம்மா முழித்துக்கொள்வாள் என்று போன் டார்ச்சை டம்ளருக்குள் கவிழ்த்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே பென்சிலின் இன்னொரு நல்ல குணம், சத்தம் இல்லை. கீபோர்டு சத்தத்தில் வீடே எழுந்துவிடும், இதில் எலி பேப்பர் கடிக்கிற அளவுக்குத்தான் கேட்கும். எங்கள் வீட்டில் நிஜ எலியும் இருப்பதால் யாரும் வித்தியாசம் பார்ப்பதில்லை.

லேப்டாப்பில் நாற்பது பக்கம் எழுதினாலும் அது எடை கூடுவதில்லை, பழையபடியே மூடிக்கிடக்கும். பென்சில் குறைகிறது. எனக்கு ஒரு பென்சில் சுமார் எழுபது பக்கம் வருகிறது, அதாவது ஒழுங்காக வேலைக்குப் போனால் முப்பத்தைந்து பேர். இப்போது ஆறு தீர்ந்து ஏழாவது ஓடுகிறது. துண்டானதை எறிவதில்லை, மை தீர்ந்த பால்பாயிண்டின் குழாய்க்குள் சொருகி வால் நீட்டிக்கொண்டால் இன்னும் பத்துப் பக்கம் வரும், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் செய்ததுதான். அதற்கும் மேல் பிடிக்க முடியாமல் போன ஆறு துண்டும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கின்றன. காசு வராத வருஷத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது சேர்கிறது என்றால் அந்த பாட்டில்தான்.

குறைகளுக்கு வருகிறேன், நிறைய இருக்கிறது.

முதல் குறை நம் எழுத்தால் வருவது. தமிழில் எழுதினால் முனை சீக்கிரம் மொட்டையாகும் என்பது என் அனுபவம். ழ, ண, ஞ என்று சுழித்துச் சுழித்து எழுதுகிறோமே, முனை ஒரு பக்கமாகத் தேய்ந்து, அரைப் பக்கத்தில் எழுத்து தடித்துவிடும். சீவினால் அடுத்த வினை, புள்ளி. ஈரத்தாளில் புதிதாகச் சீவின முனையால் "க்" என்று வைத்தால் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. என் நாவலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நட்சத்திரம் தெரியும். இப்போது சீவியதும் பழைய தாளில் நாலு கோடு இழுத்து முனையைக் கொஞ்சம் மழுக்கிக்கொண்டுதான் எழுதத் தொடங்குகிறேன். கெட்டிப் பென்சில் வாங்கினால் தேயாது என்பார்கள், வாங்கிப் பார்த்தேன், எழுத்து சாம்பல் நிறத்தில் இருக்கிறது, அடுத்த நாள் படிக்கவே மனசு வரவில்லை. கறுப்பாகத் தெரிந்தால்தான் நாம் எழுதினதை நாமே நம்புவோம் போல. பாய் சொன்னது சரி.

இரண்டாவது, அப்புவது. கறுப்பு வகை அதிகம் அப்பும். எழுதுகிற கையின் ஓரம் எட்டு மணிக்குள் கரிச்சட்டி துடைத்த மாதிரி ஆகிவிடும், அதோடு பஸ்ஸில் போனால் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் உரசி ஒன்றின் எழுத்து இன்னொன்றில் நிழலாக விழும். வலது பக்கத்தில் மட்டும் எழுதுகிறேன், நோட்டு இரட்டிப்பு செலவு. அதற்குத்தான் கால் நட்சத்திரம் குறைத்தேன்.

கூட வருகிற ரப்பரைத் திறக்கவே திறக்காதீர்கள். ஈரத்தாளில் அழித்தால் தாள் உருண்டு திரண்டு கிழியும். அதைவிடப் பெரிய ஆபத்து, அழிக்க முடியும் என்று தெரிந்தால் நான் அழித்துக்கொண்டே இருப்பேன். முதல் வாரம் ஒரே பத்தியைப் பதினோரு தடவை அழித்து எழுதினேன், அரைப்பேருக்குக்கூட வழியில்லை. ரப்பரைப் பக்கத்து வீட்டுக் குட்டிக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது அடித்துவிட்டு மேலே போகிறேன், அடித்தது கீழே தெரிகிறது, அதில் சிலது பிற்பாடு நல்லதாகவும் இருந்திருக்கிறது. ஷார்ப்னரும் அப்படித்தான், இங்கே ஒரு மழைக்காலத்தில் அதன் பிளேடு துருப்பிடித்துவிடும். அப்புறம் அது சீவாது, மென்று துப்பும். கம்பெனி பெயர் போடாத ஒரு மட்டப் பென்சிலை அதில் சீவப்போய் நாலு தடவை முனை உள்ளேயே முறிந்தது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே இருந்த பழைய கவாத்துக் கத்தியை எடுத்து, மடியில் துணியைப் போட்டு, ஆறே இழுப்பில் சீவிக் கொடுத்தாள். இப்போது ராத்திரி தூங்கப் போகும் முன் மூன்று பென்சில் சீவிவைப்பது அவள் வேலை. டாக்டர் சொன்ன பயிற்சியைவிட அதைத்தான் ஒழுங்காகச் செய்கிறாள்.

மீதி முக்கால் நட்சத்திரத்தைக் குறைத்தது தட்டச்சு விஷயத்தில். பென்சில் எழுத்தைப் போனில் படம் எடுத்து யாருக்காவது அனுப்பித் தட்டச்சு செய்யச் சொல்லலாம் என்றால், கிராஃபைட் பளபளவென்று மின்னும், படத்தில் பாதி வரி வெள்ளையாகிவிடும். ஜன்னல் பக்கம் சாய்த்து, மேகமூட்டமான நேரத்தில் எடுத்தால் கொஞ்சம் தேவலை, அந்த நேரம் இங்கே நிறைய உண்டு என்பது ஆறுதல். கடைசியில் நானே வாசித்து, போன் அதைத் தட்டச்சு செய்கிற முறைக்கு வந்தேன். "கொழுந்து கிள்ளினாள்" என்று தெளிவாகத்தான் சொன்னேன். "குழந்தை கிள்ளினாள்" என்று போட்டது. மூன்றாவது அத்தியாயம் முழுக்க என் கதாநாயகி மலைச்சரிவில் நின்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கூடை கூடையாகக் குழந்தை கிள்ளுகிறாள். திருத்துவதற்கே ஒரு வாரம்.

ஆனால் இந்த வாசிப்பில் நான் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. அம்மா கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், என் புத்தகம் எதையும் முழுசாகப் படித்ததில்லை, இப்போதுதான் முதல்தடவை கேட்கிறாள். ஒருநாள் ஒரு நீளமான வர்ணனை, மஞ்சு மலையை எப்படி மூடுகிறது என்று ஒன்றரைப் பக்கம், எனக்கே பெருமையாக இருந்தது. வாசித்து முடித்தேன். "முத்தல் எல" என்றாள். முற்றின இலை, கிள்ளிக் கூடையில் போட்டால் எடை நிற்கும், டீ நன்றாக வராது. சண்டை போட்டேன். மூன்று நாள் கழித்து அந்த ஒன்றரைப் பக்கத்தையும் அடித்தேன். ஆனால் அன்றைக்குப் போட்ட பேரை அவள் குறைக்கவில்லை, நான் கேட்டுப் பார்த்தேன், "பறிச்சது பறிச்சதுதான், அது வேற கணக்கு" என்றுவிட்டாள்.

வாங்க நினைப்பவர்களுக்கு: கறுப்பாக எழுதுகிற வகை, அறுகோணப் பென்சில், உருண்டையானது சாய்வு மேசையில் ஓடிவிடும். ஷார்ப்னருக்குப் பதில் ஒரு நல்ல கத்தி. நோட்டை அரிசி டின்னில் வையுங்கள், நான் இப்போது அங்கேதான் வைக்கிறேன், எலியும் ஈரமும் இரண்டும் எட்டாது. இங்க் பேனாவை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், மாசி, பங்குனி வெயிலில் எடுத்து எழுதினேன், சுகமாகத்தான் இருந்தது, சித்திரைக் கோடை மழை வந்ததும் உள்ளே போய்விட்டது. லேப்டாப் இன்னும் அந்தப் பச்சைப் போர்டோடு பீரோவில் கிடக்கிறது. நாவல் பதினாலாவது அத்தியாயத்தில். அம்மா வாக்கரை விட்டுக் கம்புக்கு வந்துவிட்டாள், முப்பத்தெட்டு படியில் இருபது வரைக்கும் ஏறுகிறாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது காலண்டரோடு வந்து நின்றாள். நாவல் எழுதவில்லை, பென்சில் நல்லா இருக்கா இல்லையா என்று எழுதுகிறேன் என்றேன். எத்தனை பக்கம் என்று கேட்டாள். எட்டு என்றேன். "இதுக்கு யாரு காசு தர்றா?" யாரும் தரமாட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அரைப்பேர் போட்டாள்.